மூட்டோன் தோட்டமும் ரோத்ஷில்ட் குடும்பமும்

பிரான்ஸின் தென்மேற்கில், போர்டோ நகருக்கு வடக்கே, ஜிரோண்ட் கழிமுகத்தின் இடக்கரையை ஒட்டி நீளும் ஒடுங்கிய நிலப்பகுதிக்கு மெடோக் என்று பெயர். நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், கழிமுகத்தின் கரையில் போயாக் என்ற சிறு துறைமுக ஊர் இருக்கிறது. அந்த ஊரை அடுத்த மேட்டு நிலத்தில் உள்ள மூட்டோன் ரோத்ஷில்ட் திராட்சைத் தோட்டம் 1853 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவருகிறது. உலகில் மிக உயர்ந்த விலைக்குப் போகும் சிவப்பு ஒயின்களில் ஒன்று அங்கே விளைகிறது. ஆனால் அந்தத் தோட்டம் ஒயின் வரலாற்றில் பெற்றிருக்கும் இடத்துக்கு விலை மட்டும் காரணமில்லை. விளைவித்தவரே ஒயினைப் புட்டியில் அடைத்துத் தன் பெயரில் அனுப்ப வேண்டும் என்ற வழக்கம் போர்டோவில் வேரூன்றியதற்கு முதன்மைக் காரணம் இந்தத் தோட்டம்தான்.

மெடோக்கின் மண் வளமான மண் அன்று. பிரனே மலைகளிலிருந்தும் நடு பிரான்ஸின் மலைப்பகுதியிலிருந்தும் ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடித்துக்கொண்டு வந்து சேர்த்த கூழாங்கல்லும் சரளையும் அங்கே பல மீட்டர் ஆழத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. கோதுமைக்கு உதவாத அந்த நிலம் திராட்சைக்கு ஏற்றதாக அமைந்தது. மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும். நீரைத் தேடிக் கொடியின் வேர் ஆழமாக இறங்கும். பகலில் சூடேறிய கற்கள் இரவிலும் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞோன் என்ற திராட்சை வகைக்கு இந்த வெப்பம் தேவை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் மெடோக்கின் சதுப்பு நிலங்களை வடித்துக் கொடுத்தார்கள். அதன் பின்னரே அங்கே பெரிய தோட்டங்கள் உருவாயின.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூட்டோன் நிலம் சேகுர் என்ற பிரபுக் குடும்பத்திடம் இருந்தது. லஃபீட், லாட்டூர் தோட்டங்களும் அதே குடும்பத்துக்கே சொந்தமாக இருந்தன. பின்னர் மூட்டோன் பிரான் குடும்பத்துக்குக் கைமாறி, பிரான் மூட்டோன் என்ற பெயரில் வளர்ந்தது. அந்தக் குடும்பத்தின் பாரன் எக்டோர் டி பிரான் தொழில் தெரிந்த மனிதர். பக்கத்துத் தோட்டக்காரரான அர்மாண்ட் தர்மையாக்கோடு சேர்ந்து, மெடோக்கில் கபர்னே சோவிஞோன் பரவ அவர் வழிசெய்தார். 1830இல் அவர் மூட்டோனை இசாக் துரே என்ற பாரிஸ் வங்கியாளரிடம் விற்றுவிட்டு, தெற்கே வேறொரு தோட்டத்தை வாங்கிக்கொண்டார். துரே வாங்கிய காலம் நல்ல காலமாக அமையவில்லை. விலை சரிந்தது. 1850களின் தொடக்கத்தில் கொடிகளைச் சாம்பல் நோய் தாக்கியது. தோட்டம் ஏலத்துக்கு வந்தது.

1853 மே 11 அன்று நடந்த ஏலத்தில் 11,25,000 ஃபிராங்குக்கு மூட்டோனை எடுத்தவர் நத்தானியேல் டி ரோத்ஷில்ட். ஐரோப்பா முழுவதும் கிளை பரப்பியிருந்த வங்கிக் குடும்பத்தின் லண்டன் கிளையைச் சேர்ந்தவர் அவர். பாரிஸ் கிளையின் தலைவரான சித்தப்பா ஜேம்ஸின் மகளை மணந்து பாரிஸில் குடியேறியிருந்தார். விருந்தினருக்குத் தன் சொந்தத் தோட்டத்து ஒயினைப் பரிமாற வேண்டும் என்பது அவருடைய ஆசை. தோட்டத்தின் பெயர் மூட்டோன் ரோத்ஷில்ட் ஆயிற்று. 15 ஆண்டுகள் கழித்து, 1868இல், அந்தச் சித்தப்பாவே பக்கத்துத் தோட்டமான லஃபீட்டை 44 லட்சம் ஃபிராங்குக்கு மேல் கொடுத்து வாங்கினார். வாங்கிய சில மாதங்களிலேயே இறந்தும் போனார். ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் வேலிக்கு வேலி அண்டை வீட்டாராக அமைந்தது அப்படித்தான். நூறாண்டு கடந்தும் தீராத பங்காளிப் போட்டி ஒன்றும் அதோடு வந்து சேர்ந்தது.

நத்தானியேல் வாங்கிய இரண்டாம் ஆண்டில் மூட்டோனின் தலையெழுத்தை நிர்ணயித்த ஒரு பட்டியல் வெளிவந்தது. 1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியனின் அரசு பிரான்ஸின் விளைபொருள்களைத் திரட்டிக் காட்ட விரும்பியது. போர்டோவின் வணிகச் சபை தன் பகுதியின் சிறந்த ஒயின்களைத் தரம் பிரித்துத் தருமாறு தரகர் சங்கத்தைக் கேட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி கேட்ட கடிதத்துக்கு ஏப்ரல் 18ஆம் தேதி பதில் வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குள் முடிந்த வேலை அது. தரகர்கள் புதிதாக எதையும் சுவைத்துப் பார்க்கவில்லை. எந்தத் தோட்டத்து ஒயின் பல ஆண்டுகளாக என்ன விலைக்குப் போயிற்று என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. அதை வைத்துச் சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து வரிசையாகப் பிரித்தார்கள். முதல் வரிசையில் நான்கே நான்கு: லஃபீட், லாட்டூர், மார்கோ, மெடோக்குக்கு வெளியே உள்ள ஓ பிரியோன். மூட்டோன் இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்டது; அந்த வரிசையின் தலைப்பெயராக.

ஒரு கண்காட்சிக்காக அவசரத்தில் எழுதிய பட்டியல் நிரந்தரமாகிவிட்டது. அது நிலத்தின் துண்டுகளைத் தரம் பிரிக்கவில்லை, தோட்டத்தின் பெயரைத்தான் தரம் பிரித்தது. எனவே ஒரு தோட்டம் பின்னாளில் அடுத்த நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும், உள்ளதை விற்றாலும், நன்றாக நடத்தினாலும், பாழாக விட்டாலும் தர வரிசை மாறாது. மூட்டோன் இரண்டாம் வரிசைக்குப் போனதற்கு விலைக்கணக்கே காரணம். துரேயின் காலத்தில் தளர்ந்துபோயிருந்த தோட்டத்தின் பழைய விலைகள் புதிய உரிமையாளரின் மேல் ஏறின. வாங்கி இரண்டு ஆண்டுகூட முடியாத நத்தானியேலுக்கு அந்தக் கணக்கைத் திருத்த அவகாசம் கிடைக்கவில்லை. முதலாவதாக முடியாது, இரண்டாவதாக மனமில்லை, நான் மூட்டோன் என்று பொருள்படும் வாசகம் ஒன்றை இந்தக் குடும்பம் தன் முத்திரை மொழியாக வைத்துக்கொண்டது. ரோஆன் என்ற பழைய பிரபுக் குடும்பத்தின் முத்திரை மொழியைத் தழுவி அமைத்தது அது.

இவ்வளவு ரோஷம் காட்டிய குடும்பம் அடுத்த 70 ஆண்டுகளில் தோட்டத்துக்கு அதிகம் வந்ததாகச் சொல்ல முடியாது. நத்தானியேல் 1870இல் இறந்தார். மகன் ஜேம்ஸ் எடுவர் 1881இல் இளவயதிலேயே காலமானார். பேரன் ஆன்ரி மருத்துவர். புனைபெயரில் நாடகங்களும் எழுதினார். பாரிஸ்தான் அவருடைய உலகம். மூட்டோனை மேலாளர்களும் நிலவறைப் பொறுப்பாளர்களும் பார்த்துக்கொண்டார்கள்.

தோட்டம் பிழைத்திருந்ததற்கு அவர்களுக்கே நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி பிரெஞ்சுத் திராட்சைக்குக் கொடிய காலம். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் மருந்தாகக் கிடைத்தது. அதன் பின் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்னும் நுண்ணிய பூச்சி வேரை உறிஞ்சிக் கொடிகளைக் கொன்றது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதே அதற்குக் கிடைத்த தீர்வு. இன்று மெடோக்கில் நிற்கும் கொடிகள் ஏறக்குறைய அனைத்தும் இப்படி ஒட்டுக்கட்டியவைதான். மூன்றாவதாக வந்தது அடிச்சாம்பல் நோய். அதற்கான மருந்து மூட்டோனுக்குப் பக்கத்திலேயே பிறந்தது. அடுத்த ஊரான சேன் ஜூலியனில், சாலையோரக் கொடிகளை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் பழக்கம் இருந்தது. அப்படித் தெளித்த கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நிற்பதை 1882இல் போர்டோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். சோதனைகள் செய்து 1885இல் முறையை வெளியிட்டார். தமிழ்நாட்டில் தென்னையின் குருத்தழுகலுக்கும் காப்பியின் இலைத்துருவுக்கும் விவசாயிகள் அடிக்கும் போர்டோ கலவை அதுவேதான்.

தோட்டம் இப்படி நோய்களோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, ஒயினைப் பெயராக்கிக் காசாக்கியவர்கள் வேறு ஆட்கள். போர்டோ நகரின் ஷார்ட்ரோன் என்ற ஆற்றங்கரைத் தெருவில் ஒயின் வணிகர்களின் பண்டகசாலைகள் வரிசையாக இருந்தன. ஐரிஷ், ஜெர்மன், டச்சு வம்சாவளி வணிகக் குடும்பங்கள் பல அங்கே தலைமுறைகளாகக் கடை வைத்திருந்தன. அறுவடை முடிந்த சில மாதங்களில் தோட்டக்காரர் ஒயினைப் பீப்பாயோடு வணிகரிடம் விற்றுவிடுவார். 225 லிட்டர் பிடிக்கும் ஓக் பீப்பாய் ஒன்றிலிருந்து 300 புட்டிகள் நிரம்பும். பீப்பாயில் ஒயினை இரண்டு மூன்று ஆண்டுகள் முதிரவைப்பது, வடிப்பது, புட்டியில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் வணிகரின் வேலை. பல சமயம் லண்டனிலோ பிரஸ்ஸல்ஸிலோ இருக்கும் இறக்குமதியாளரின் வேலை. மெலிந்த ஆண்டின் ஒயினுக்கு ரோன் பள்ளத்தாக்கின் அடர்ந்த ஒயினைக் கலந்து வலுவேற்றுவது 19ஆம் நூற்றாண்டில் யாரும் மறைக்காத வழக்கம். ஒரே தோட்டத்தின், ஒரே ஆண்டின் ஒயின் ஐந்து வணிகர்களிடம் ஐந்து விதமாக முதிர்ந்து வெளிவரும். நல்ல வணிகர் தோட்டத்தின் பெயரைக் காப்பாற்றினார், மோசமானவர் கெடுத்தார். இரண்டிலும் தோட்டக்காரருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இதை மாற்றியவர் ஆன்ரியின் இளைய மகன் பிலிப். 1902இல் பாரிஸில் பிறந்த அவர், முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் நகரின் மேல் ஜெர்மன் பீரங்கிக் குண்டுகள் விழுந்தபோது பாதுகாப்புக்காக மூட்டோனுக்கு அனுப்பப்பட்ட சிறுவன். அங்கே மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. ஆனால் அந்த இடம் அவருக்குப் பிடித்துவிட்டது. 1922இல், 20 வயதில், தோட்டப் பொறுப்பைத் தந்தையிடமிருந்து பெற்றுக்கொண்டார். பணக்கார வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்றே அப்போது பலரும் எண்ணியிருப்பார்கள். அதற்கு அவருடைய வாழ்க்கையும் இடம் கொடுத்தது. மாற்றுப் பெயரில் கார்ப் பந்தயம் ஓட்டினார். 1929இல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீ பந்தயத்தில் புகாட்டி காரில் நான்காவதாக வந்தார். தந்தை கட்டிய பிகால் நாடக அரங்கை நடத்தினார். திரைப்படம் தயாரித்தார். பின்னாளில் ஆங்கிலக் கவிதைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். இவ்வளவுக்கும் நடுவில் மூட்டோனை அவர் விடவில்லை என்பதுதான் முக்கியம். மூட்டோனைத் தன் தொழிலாக எடுத்துக்கொண்ட முதல் ரோத்ஷில்ட் அவர்.

பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டிலேயே, 1924 அறுவடை முழுவதையும் தோட்டத்திலேயே புட்டியில் அடைப்பது என்று முடிவு செய்தார். தோட்டத்தில் புட்டியடைப்பது அதற்கு முன்பு எங்குமே நடக்காத செயல் அன்று. சில தோட்டங்கள் சில ஆண்டுகளில் ஒரு பகுதியை அப்படி அடைத்திருக்கின்றன. விளைச்சல் அனைத்தையும், ஒவ்வோர் ஆண்டும், விதிவிலக்கின்றி அடைப்பது என்பதுதான் புதிது. வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுடைய லாபத்தில் ஒரு பங்கும், அதைவிட முக்கியமாக அவர்களுடைய அதிகாரமும் இதனால் குறைந்தன. முதல் வரிசைத் தோட்டங்கள் நான்கின் உரிமையாளர்களையும் பிலிப் சந்தித்துப் பேசி இணங்கவைத்தார். இரண்டாம் வரிசைக்காரர் முதல் வரிசைக்காரர்களை வழிநடத்திய விசித்திரம் அப்போது நிகழ்ந்தது. மூட்டோன் செய்தவற்றுள் பெரியது இதுவே. பின்னர் வந்த பட்டங்களும் ஓவியங்களும் இதன் மேல் எழுந்தவை. தன் பெயரைத் தாங்கிய ஒவ்வொரு புட்டிக்கும் தானே பொறுப்பு என்று விளைவித்தவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான், லேபிளில் உள்ள பெயருக்கு முழுமையான பொருள் கிடைத்தது.

இந்த முடிவு இரண்டு காரியங்களை உடனே இழுத்து வந்தது. ஒன்று, லேபிள். புட்டி தோட்டத்திலிருந்தே போகிறது என்பதைப் பார்த்தவுடன் தெரிவிக்க, சுவரொட்டிக் கலைஞர் ஜான் கார்லுவை 1924 லேபிளை வரையச் சொன்னார் பிலிப். ஆட்டுக்கடாவின் தலையும் ரோத்ஷில்ட் குடும்பத்தின் ஐந்து அம்புகளும் கியூபிசப் பாணியில் அமைந்த அந்த லேபிள் ஒயின் உலகத்துக்கு அதிர்ச்சி தந்தது. சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இரண்டு, இடம். இதுவரை வணிகரின் பண்டகசாலையில் முதிர்ந்த பீப்பாய்களை இனித் தோட்டத்திலேயே வைக்க வேண்டும். 1926இல் கட்டடக் கலைஞர் ஷார்ல் சிக்ளி 100 மீட்டர் நீளமுள்ள பீப்பாய்க் கூடம் ஒன்றைக் கட்டினார். நடுவில் தூண் இல்லாமல், ஒரே பார்வையில் அத்தனை பீப்பாயும் தெரியும்படி, ஒரு நாடக மேடையைப் போல அமைந்த கூடம் அது. பார்வையாளர்கள் இன்றும் அங்கே அழைத்துச் செல்லப்படுகிறார்கள்.

1930, 1931, 1932 மூன்றும் மழையால் கெட்ட அறுவடைகள். உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. மூட்டோன் என்ற பெயரில் விற்கத் தகுதியில்லாத ஒயினை மூட்டோன் கடே என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்றார் பிலிப். குடும்பத்தின் கடைக்குட்டி என்பதைக் குறிக்கும் பெயர் அது. மலிவு ஒயின் எதிர்பாராத வரவேற்பைப் பெற்றது. தேவைக்கு மூட்டோன் நிலம் போதாததால் போர்டோ பகுதியின் வேறு இடங்களிலிருந்து ஒயின் வாங்கிக் கலந்து, தனி வணிகப் பெயராகவே அதை வளர்த்தார்கள். உலகில் அதிகம் விற்கும் போர்டோ ஒயின்களுள் ஒன்றாக அது இன்று இருக்கிறது. பெருந்தோட்டத்துக்கும் அதற்கும் பெயரில் உறவு உண்டு. மண்ணில் உறவு இல்லை. 1933இல் பக்கத்துத் தோட்டமான மூட்டோன் தர்மையாக்கையும் பிலிப் வாங்கினார். எக்டோர் டி பிரானின் நண்பர் குடும்பத்துச் சொத்து அது.

பிறகு போர் வந்தது. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும், ஜெர்மனிக்கு இணங்கிய விஷி அரசு ரோத்ஷில்ட் குடும்பத்தினரின் குடியுரிமையைப் பறித்து, சொத்துகளைக் கைப்பற்றியது. யூதக் குடும்பம் என்பது ஒன்றே குற்றம். பிலிப் வட ஆப்பிரிக்காவில் கைதாகிச் சிறையில் இருந்தார். விடுதலையான பின், பிரனே மலைகளைக் கடந்து ஸ்பெயின், போர்ச்சுக்கல் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, டிகோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் இணைந்தார். மூட்டோனில் ஜெர்மன் படையினர் தங்கினார்கள். பிலிப்பின் மனைவி எலிசபெத் பிறப்பால் கத்தோலிக்கர். கணவரிடமிருந்து பிரிந்து வாழ்ந்தவர். அப்படியும் தப்பவில்லை. கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. 1945 மார்ச்சில் நாஜிகளின் ராவன்ஸ்பிரூக் வதை முகாமில் அவர் இறந்தார். மகள் பிலிப்பீனுக்கு அப்போது 11 வயது.

திரும்பி வந்த பிலிப் சிதைந்திருந்த தோட்டத்தை ஜெர்மானியப் போர்க் கைதிகளைக் கொண்டு சீரமைத்தார். அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் பெய்த கடும் உறைபனி இளந்தளிரைக் கருக்கி விளைச்சலைப் பெருமளவு குறைத்துவிட்டது. ஆனால் தொடர்ந்து வந்த வறண்ட வெப்பக் கோடையில், எஞ்சிய பழங்கள் அபாரமான செறிவோடு பழுத்தன. 1945 மூட்டோன் 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த ஒயின்களில் ஒன்று என்பதில் நிபுணர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதன் லேபிளுக்கு இளம் ஓவியர் பிலிப் ஜூலியன் வெற்றியைக் குறிக்கும் ‘வி’ எழுத்தை வரைந்தார்.

ஒரு வெற்றியைக் கொண்டாட வரைந்தது ஆண்டு வழக்கமாயிற்று. அடுத்த ஆண்டிலிருந்து ஏறக்குறைய ஒவ்வோர் அறுவடைக்கும் ஓர் ஓவியர் லேபிளின் மேற்பகுதியை வரைந்துவருகிறார். முதலில் பிலிப்பின் நண்பர்களும் அறிமுகமானவர்களும் வரைந்தார்கள். 1947இல் ழான் கோக்டோ, அடுத்த ஆண்டு மாரி லோரான்சன். 1955இல் ஜார்ஜ் பிராக் சம்மதித்தபோது கதை மாறியது. அவ்வளவு பெரிய ஓவியர் வரைந்த பிறகு மற்றவர்கள் தயங்கவில்லை. சால்வதோர் டாலி 1958இலும், ஹென்றி மூர் 1964இலும், மீரோ 1969இலும், ஷகால் 1970இலும், வார்ஹோல் 1975இலும் இடம்பெற்றார்கள். மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர் 2009க்கு வரைந்தார். யாருக்கும் பணமாகக் கூலி கொடுப்பதில்லை. பெட்டி பெட்டியாக ஒயின்தான் கொடுக்கிறார்கள். சர்ச்சையும் உண்டு. 1993க்கு பால்தூஸ் வரைந்த நிர்வாணச் சிறுமியின் கோட்டோவியத்துக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியது. அந்த நாட்டுக்குப் போன புட்டிகளில் ஓவியத்தின் இடம் வெறுமையாக விடப்பட்டது. 2000ஆம் ஆண்டுக்குக் காகித லேபிளே இல்லை. 16ஆம் நூற்றாண்டு ஆக்ஸ்பர்க் பொற்கொல்லர் செய்த ஆட்டுக்கடா வடிவம் புட்டியின் மேலேயே பொன் எனாமலில் பதிக்கப்பட்டது.

அந்த ஆட்டுக்கடாவின் அசல் தோட்டத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிலிப்பும், அவர் 1954இல் மணந்த அமெரிக்கரான பொலினும் ஒயினோடு தொடர்புடைய கலைப்பொருள்களை நாடு நாடாகத் தேடிச் சேர்த்தார்கள்: பழங்காலக் கிண்ணங்கள், திரைச்சீலைகள், வெள்ளிப் பாத்திரங்கள், ஓவியங்கள். பழைய பீப்பாய் அறையில் அமைந்த அந்தக் காட்சியகத்தை 1962இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ திறந்துவைத்தார்.

தர வரிசைக்கான போராட்டம் இவ்வளவுக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. மூட்டோனின் விலை முதல் வரிசைத் தோட்டங்களின் விலையைத் தொட்டு, சில ஆண்டுகளில் தாண்டியும் போயிற்று. விலைதான் 1855இல் அளவுகோல் என்றால், அதே அளவுகோலின்படி பட்டியலைத் திருத்த வேண்டும் என்பது பிலிப்பின் வாதம். வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பட்டியலை ஒருமுறை திறந்தால் ஏறுகிறவர்கள் மட்டுமல்ல, இறங்குகிறவர்களும் இருப்பார்களே என்ற பயம் மற்றத் தோட்டக்காரர்களுக்கு. லஃபீட்டை நடத்திய உறவினர் எலி டி ரோத்ஷில்டும் இதற்கு ஆதரவாக இல்லை. 1973 ஜூன் 21 அன்று விவசாய அமைச்சராக இருந்த ஜாக் ஷிராக், பின்னாளில் பிரான்ஸின் அதிபரானவர், மூட்டோனை முதல் வரிசைக்கு உயர்த்தும் ஆணையில் கையெழுத்திட்டார். முத்திரை மொழியும் மாறியது: முதலாவது நான், இரண்டாவதாக இருந்தேன், மூட்டோன் மாறுவதில்லை. அந்த ஏப்ரலில் இறந்த பிக்காசோவின் ஓவியம் ஒன்று அவ்வாண்டு லேபிளில் இடம்பெற்றது. 1855 பட்டியலில் அதற்குப் பிறகு வேறெந்தத் தோட்டமும் ஒரு படி ஏறியதில்லை.

மூன்றே ஆண்டுகளில் அந்தப் புதிய தகுதிக்குச் சோதனை வந்தது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஆங்கிலேய வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய போட்டியில், பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் சுவைத்து மதிப்பெண் இட்டார்கள். சிவப்பு ஒயின்களில் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலாவதாகவும், மூட்டோன் 1970 இரண்டாவதாகவும் வந்தன. போர்டோ கொந்தளித்தது. பிலிப்போ அதற்கு முன்பே கலிபோர்னியாவின் பக்கம் பார்வையைத் திருப்பியிருந்தார். நாபா பள்ளத்தாக்கின் ராபர்ட் மொண்டாவியோடு கூட்டுச் சேர்ந்து ஒப்பஸ் ஒன் என்ற ஒயினைத் தொடங்கினார். அதன் முதல் அறுவடை 1979. பிரெஞ்சுப் பெருந்தோட்டம் ஒன்று அமெரிக்கத் தயாரிப்பாளரைச் சமமான பங்காளியாக ஏற்றது அந்தக் காலத்தில் துணிச்சலான செயல்.

பிலிப் 1988 ஜனவரியில் இறந்தபோது தோட்டத்தை அவர் நடத்தத் தொடங்கி 65 ஆண்டுகள் கடந்திருந்தன. பொறுப்பேற்ற பிலிப்பீன் அதுவரை நாடக நடிகையாக அறியப்பட்டவர்; புகழ்பெற்ற கொமெடி பிரான்சேஸ் குழுவில் நடித்தவர். தந்தையின் நிழலில் அவர் கரைந்துபோகவில்லை. லேபிள் ஓவியங்களின் மூலப் படிகளைத் திரட்டி உலக நகரங்களில் கண்காட்சியாகக் கொண்டுசென்றார். 1997இல் சிலி நாட்டின் கொன்சா ஈ டோரோ நிறுவனத்தோடு அல்மாவிவா ஒயினைத் தொடங்கினார். மூட்டோனுக்கு இரண்டாம் ஒயின் ஒன்றை ஏற்படுத்தி, முதல் தரத்தை எட்டாத தொட்டிகளை அதற்கு ஒதுக்கினார். அவருடைய காலத்தின் கடைசிப் பெரும்பணி, மேடை வடிவமைப்பாளர் ரிஷார் பெடுசியின் பங்களிப்போடு எழுந்த புதிய நொதித்தல் கூடம். திராட்சை மேல்தளத்தில் வந்து இறங்கி, பம்பின் உதவியின்றித் தானே தொட்டிக்குள் விழும் அமைப்பு அது.

தோட்டம் இன்று 80 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்புடையது. ஐந்தில் நான்கு பங்கு கபர்னே சோவிஞோன். மீதியில் பெரும்பகுதி மெர்லோ. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நூற்றுக்கணக்கான ஆட்கள் கையாலேயே குலைகளை வெட்டுகிறார்கள். நொதித்த ஒயின் புதிய ஓக் பீப்பாய்களில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் முதிர்கிறது. இடையில் அடிவண்டல் தங்கும்படி விட்டு, தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். புட்டியில் அடைத்த பிறகும் நல்ல ஆண்டின் ஒயினுக்குப் பல பத்தாண்டு ஆயுள் உண்டு. விற்பனையில் மட்டும் பழைய போர்டோ முறை உயிரோடிருக்கிறது. அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே தரகர் வழியாக வணிகர்களுக்கு அது விற்கப்படுகிறது. ஆனால் அவர்கள் வாங்குவது பீப்பாயை அன்று. பின்னர் தோட்டம் அடைத்துத் தரப்போகும் புட்டிகளை.

பிரெஞ்சு வாரிசுச் சட்டம் பெற்றோரின் சொத்தில் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கு தருகிறது. பர்கண்டி பகுதியில் ஒரே வயல் பல டஜன் உரிமையாளர்களிடையே துண்டு துண்டானதற்கு அந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம். போர்டோவின் பெருந்தோட்டங்கள் நிலத்தைப் பிரிக்காமல் நிறுவனமாக்கிப் பங்குகளைப் பிரித்துக்கொண்டன. அதுவும் இயலாதபோது வெளியாருக்கு விற்றன. பிலிப்பீன் 2014 ஆகஸ்டில் 80 வயதில் காலமானார். அவ்வாண்டு லேபிளை டேவிட் ஹாக்னி அவருடைய நினைவுக்குக் காணிக்கையாக வரைந்தார். தோட்டம் அவருடைய பிள்ளைகள் கமில், பிலிப், ஜூலியன் மூவருக்கும் வந்தது. நத்தானியேலிலிருந்து ஆறாம் தலைமுறை. முதல் வரிசையில் உள்ள ஐந்து தோட்டங்களில் லாட்டூர் 1993இலும், மார்கோ 1977இலும், ஓ பிரியோன் 1935இலும் இன்றைய உரிமையாளர் குடும்பங்களிடம் வந்தன. லஃபீட் 1868இல் வந்தது. ஐந்திலும் மிக நீண்ட காலம் ஒரே குடும்பத்திடம் இருக்கும் தோட்டம் மூட்டோன்.